வலிக்கு எந்த ல?

அன்புள்ள தம்பிக்கு,

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ பதறியடித்துக்கொண்டு போன் செய்தாயே, அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தூக்கக் கலக்கம். உன் குரலைக் கேட்டு எனக்கும் கை நடுங்கிவிட்டது. அப்பா விட்ட குறட்டையைப் போனில் கேட்கவைத்துத்தான் உன்னை நம்பவைத்தேன். "அப்பாவுக்கு இப்போது வலி இல்லை" என்று நான் அனுப்ப நினைத்தது "அப்பாவுக்கு இப்போது வழி இல்லை" என்று உனக்கு வந்திருக்கிறது. முழங்கால் ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் அப்படி ஒரு வரியைப் படித்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

"கண்ணாடி போட்டுக்கிட்டு டைப் பண்ணும்மா" என்றாய். போட்டுக்கொண்டுதான் அடித்தேன்.

நடந்தது இதுதான். அதற்கு மூன்று நாள் முன்னால் போன் ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஆகியிருக்கிறது. காலையில் பால்காரருக்கு "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்று அனுப்பலாமென்று திறந்தால், தமிழ் எழுத்தையே நேராகத் தட்டுகிற தமிழ்99 முறையைக் கீபோர்டில் காணோம். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுமே, அந்த வகை மட்டும் இருக்கிறது. செட்டிங்ஸ் முழுக்கத் துழாவினேன். போனை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தக் கீபோர்டு ஆப்புக்கு ஒரு ஸ்டார் கொடுத்து நாலு வரி திட்டி எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இங்கிலீஷில் ஒரு பதில் வந்தது. அதோடு சரி.

உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். என் விரலைக் கேட்டால்தான் தெரியும். 1984-இல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் "யளனக, யளனக" என்று முதல் பாடம் ஆரம்பித்தவள் நான். அந்த மிஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், தாளைத் தாங்குகிற கேரியேஜ் நகராது, அப்புறம்தான் எழுத்து. லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் பாஸ் செய்து தாலுகா ஆபீசில் 32 வருஷம் அதே விரலில்தான் சோறு சாப்பிட்டோம். நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. தமிழ்99 பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் முடிவாகி, அரசும் ஏற்றுக்கொண்ட முறை அது. நாற்பது வயதுக்கு மேல் விரலுக்குப் பழசை மறக்கடித்துப் புதுசைச் சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாதம் கனவில்கூடத் தப்புத் தப்பாக அடித்தேன். ஆக, மாற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள் இல்லை உன் அம்மா.

மாறியதும் பிடித்துப்போனது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மொத்தம் 31 விசை. 247 எழுத்தும் அதற்குள் அடக்கம். உயிரெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. போனில் இரண்டு கட்டைவிரலால் அடிக்கும்போது மாவாட்டுகிற மாதிரி ஒரு தாளம் வந்துவிடும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் "அம்மா". நடுவில் உள்ள புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதற்குப் புள்ளி. "மமதை" என்று அடிக்க மட்டும் நடுவில் ஒரு அ தட்ட வேண்டும், இல்லாவிட்டால் "ம்மதை" ஆகிவிடும். அந்தச் சொல்லுக்கே மமதை அதிகம் என்று பயிற்சியில் சிரிப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ல-வுக்கு ஒரு விசை, ள-வுக்கு ஒரு விசை, ழ-வுக்கு ஒரு விசை. நான் எதைத் தொட்டேனோ அதுதான் வரும். இப்போது பாதி அடிப்பதற்குள் மேலே மூன்று சொல் வந்து, "இதுவா, இதுவா?" என்று நிற்கிறது. வலியும் வழியும் பக்கத்துப் பக்கத்தில். விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டால் உனக்கு ராத்திரித் தூக்கம் போகிறது.

உன் தூக்கமாவது பரவாயில்லை. தெருக்கோடி ஆயா முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்தது. போனில் அடித்துக் கொடுத்தேன், ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துப் போனது. ஆதாரில் வள்ளியம்மாள், என் மனுவில் வல்லியம்மாள். பெயர் ஒத்துவரவில்லை என்று தாலுகா ஆபீசில் திருப்பிவிட்டார்கள். அந்த ஆபீசில் அதே காரணத்துக்காக எத்தனை மனுவை நானே திருப்பியிருப்பேன்! இரண்டு பஸ் மாறிப் போய் வந்த கிழவி, "பரவால்ல விடு கண்ணு" என்றது. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ என்ன சொன்னாய்? "யூசேஜ் கம்மியா இருந்திருக்கும்மா, அதான் தூக்கிட்டாங்க." அந்தக் கம்மியில் ஒரு ஆள் நான்தானே தம்பி. உன் வேலையும் இதே மாதிரிதான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒன்றை எடுக்கும்போது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்வீர்களா? எனக்கு யாரும் சொல்லவில்லை. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்தைத் திருத்தினார்கள். யானைத் தும்பிக்கை மாதிரிச் சுழி போட்ட பழைய லை போய் இப்போதைய லை வந்தது. அரசாணை போட்டார்கள், பாடப் புத்தகத்தில் மாற்றினார்கள். உன் தாத்தா சாகும்வரை தும்பிக்கையோடுதான் எழுதினார், அவர் பேனாவை யாரும் ராத்திரியில் வந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

சரி, புலம்பியது போதும். மாடி வீட்டுப் பையன் பழைய வெர்ஷனை எங்கிருந்தோ இறக்கித் தருகிறேன் என்றான். பேங்க் கணக்கெல்லாம் இருக்கிற போனில் அது வேண்டாம் என்றேன். அப்புறம் அவனே செல்லினம் என்கிற வேறு கீபோர்டு ஆப் போட்டுக் கொடுத்தான். அதில் தமிழ்99 இருக்கிறது. இந்தக் கடிதமே அதில் அடித்ததுதான். ஆனால் பழையது நாலு வருஷமாக என்னிடம் கற்றுக்கொண்ட சொல்லெல்லாம் போச்சு. உன் மகள் பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் முழுசாக வந்து நிற்கும். இப்போது ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறேன். அடித்துவிட்டுப் போகிறேன், நல்ல பெயர்தானே.

அடுத்த மாதம் நீ வரும்போது இந்த ஆட்டோ அப்டேட்டை நிறுத்திக் கொடு. ஆயாவின் மனுவைத் திருத்தி அடித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை நானே கூடப் போகிறேன்.

அப்பா நேற்று வாசல்வரை நடந்தார். வலி இல்லை. சின்ன ல, நன்றாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா