சனிக்கிழமைப் படம்: 'த ரோங் மேன்'

எல்லாருக்கும் வணக்கம். இந்தச் சனி பின்னேரம் 6.30க்கு, வழமைபோல வெள்ளவத்தையில எங்கட மொட்டைமாடி. ஹிட்ச்கொக்கின்ர 1956ஆம் ஆண்டுப் படம், கறுப்பு வெள்ளை, ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

நியூயோர்க்கில இரவு விடுதியொன்றில பேஸ் வாசிக்கிற மனுசன். மனிசியின்ர பல்லு வைத்தியத்துக்குக் கடனெடுக்க இன்சூரன்ஸ் கந்தோருக்குப் போறார். அங்க வேலை செய்யிற பெண்கள், முந்தி வந்து கொள்ளையடிச்சவன் இவன்தான் எண்டு பயந்துபோகினம். 1953இல் உண்மையா நடந்த வழக்கு. கள்ளன் நீட்டின துண்டில இருந்ததைப் பொலிஸ் வாசிக்க, இவர் எழுதுறார். அதே சொல்லில அதே எழுத்துப்பிழை! அந்த நேரம், இவரா நடிக்கிற ஹென்றி ஃபொண்டாவின்ர முகத்தைப் பாருங்கோ.

ஹிட்ச்கொக் தொடக்கத்திலேயே நிழலுருவமா வந்து இது உண்மைக் கதையெண்டு தானே சொல்லுறார். அதால பிந்தி வராதேங்கோ (யாரைச் சொல்லுறனெண்டு அவைக்கே தெரியும்).

போனமுறை கோச்சிச் சத்தத்தில பாதி வசனம் போச்சு, இந்தமுறை பெரிய ஸ்பீக்கர் இருக்கு. சப்டைட்டில் ஆங்கிலம்தான். வடையும் பிளேன்டீயும் எங்கட பொறுப்பு, கப் நீங்கள் கொண்டு வாங்கோ. மழையெண்டால் உள்ளுக்க.

முந்திப் பாத்த ஆக்கள் முடிவை இங்க போட்டுடாதேங்கோ. வாறவை வெள்ளிக்குள்ள ஒரு கட்டைவிரல் போடுங்கோ, கதிரை எண்ணவேணும்.