பத்து நாள் தாமதம் ஒரு குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பவேரியா என்ற பூஞ்சை மெதுவாகத்தான் கொல்லும், அதனால் வீட்டுக்குள் இருக்கும் பூச்சிக்கு உதவாது என்று முடித்திருந்தார்கள். எந்தப் பூச்சி என்று பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

இதயத்தைப் பாதிக்கக்கூடிய சாகஸ் நோயைத் தென் அமெரிக்காவில் பரப்பும் வின்சூக்கா என்ற பூச்சியையே எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினா, பொலிவியா கிராமங்களில் மண்சுவர் விரிசலிலும் கூரையிலும் பகலெல்லாம் ஒளிந்திருக்கும். இரவில் இறங்கி, தூங்குபவர் முகத்தில் ரத்தம் குடித்துவிட்டு அங்கேயே எச்சமிடும். கிருமி அந்த எச்சத்தில்தான் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் சொறிந்தால் கடிவாய் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போய்விடும். 1909இல் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த இந்த நோய்க்கு இன்றும் தடுப்பூசி கிடையாது. பூச்சியை ஒழிப்பதுதான் முக்கிய வழி.

பைரெத்ராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லி மருந்தைத் தெளித்தே உருகுவே, சிலி, பிரேசில் நாடுகளில் இந்தப் பூச்சி வழியாக நோய் பரவுவதை நிறுத்தினார்கள். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அர்ஜென்டினா, பொலிவியா, பராகுவே நாடுகளில் பரந்து கிடக்கும் கிரான் சாக்கோ சமவெளி வட்டாரத்தில் பூச்சிகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டன. மருந்துக்கு அசையாத சில பூச்சிகளின் மேல்தோலில் மெழுகு போன்ற ஹைட்ரோகார்பன் பூச்சு கூடுதலாக இருப்பதை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பவேரியாவுக்கோ அந்த ஹைட்ரோகார்பனே தீனி! விதை போன்ற அதன் நுண்ணிய வித்து பூச்சியின் தோலில் ஒட்டி முளைக்கும், தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே போகும். பூச்சி தின்ன வேண்டும் என்ற அவசியமே இல்லை. ரத்தத்தைத் தவிர வேறெதையும் தொடாத பூச்சிக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

சாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும், சரி. அதற்குள் அது இன்னொரு முறை கடிக்கவும் கூடும். ஆனால் வின்சூக்கா முட்டையிலிருந்து வளர்ந்து முடிக்கவே பல மாதம் எடுக்கிற பூச்சி. கூட்டமாக ஒளிகிற பழக்கமும் உண்டு. வித்து ஒட்டிய பூச்சி விரிசலுக்குத் திரும்பிப் போய் மற்றவற்றோடு உரசும். தெளிப்பான் எட்டாத இடத்துக்கு மருந்தை அதுவே சுமந்து போகிறது. உடனே செத்திருந்தால் இது நடக்குமா?

கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. வித்துக்கு உயிர் உண்டு. வெயிலிலும் சூட்டிலும் வீணாகிவிடும். சாலை வசதியில்லாத ஊருக்கு அதைக் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வைப்பது?

அப்புறம், கோழிக்கூடு. கோழிக்குச் சாகஸ் கிருமி தொற்றாது, ஆனால் அதன் ரத்தத்தில் பூச்சி பெருகும். வீட்டுக்குள் மட்டும் மருந்தடித்தால் கூட்டிலிருந்து திரும்ப வந்துவிடும். பூஞ்சையை வைப்பதென்றால் கூட்டின் நிழலான மூலைகளையும் விடக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்