ட்ரங்குப் பெட்டியை இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாதே

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் கமலா,

உன் கடிதமும் பிள்ளை அனுப்பிய படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து, சுவரைப் பிடிக்காமல் படி இறங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு இவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே நாங்கள் சுகம். இவருக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் நடக்கிறார், கிழமையில் பாதி நாள் குறிஞ்சாச் சுண்டல்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் ட்ரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாதே. தம்பி வீட்டுக்கு வெள்ளையடிக்க நிற்கிறான், இடம் போதாது, பெட்டி கறள் பிடித்துப்போய்க் கிடக்கிறது, எல்லாம் விளங்குகிறது. பெட்டியை வேண்டுமானால் கொடு. உள்ளே இருப்பவற்றைக் கொடுக்காதே.

நீ அனுப்பிய படங்களில் நடுவே நீளமாகக் கீறல் விட்ட பித்தளைத் தகடு ஒன்று இருந்ததே, என்னவென்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதினாய். எனக்கும் பார்த்தவுடன் பிடிபடவில்லை. எங்கள் மாடியில் ஒரு மலாய்ப் பெரியவர் இருக்கிறார், கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய முன்னோர் இலங்கை ரைபிள் படையில் இருந்தவர்கள். 1873 இல் அந்தப் படையைக் கலைத்தபிறகு பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் போன குடும்பங்களில் ஒன்று. படத்தைக் காட்டியதும் சிரித்துக்கொண்டு, தன் பழைய சேர்ட் ஒன்றைக் கொண்டுவந்து விளக்கினார். சீருடையின் பித்தளைப் பொத்தான்களை ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கீறலுக்குள் நுழைத்துவிட வேண்டும். தகடு பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே படுத்துக்கொள்ளும். பிறகு பிராஸோ என்ற பித்தளை பாலிஷைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் துணியில் கறை படாது. பொத்தான் மங்கியிருந்தாலும் தண்டனை, துணியில் கறை இருந்தாலும் தண்டனை. அதனால் ஒவ்வொரு சிப்பாயிடமும் இது இருந்தது.

அவர் படத்தைப் பெரிதாக்கி இன்னொன்றையும் காட்டினார். தகட்டின் ஒரு முனை மற்றதைவிட மெலிந்து, ஓரம் வழுவழுவென்று உருண்டிருக்கிறது. பெருவிரல் அழுத்திப் பிடித்த இடம் அதுதானாம். கமலா, அது உன் அப்பாவின் பெருவிரல்.

அவர் கரையோரப் பீரங்கிப் பட்டாளத்தில் இருந்தார், கொழும்பில் குண்டு விழுந்ததைக் கண்டார் என்பதற்குமேல் அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. கடலில் வரும் கப்பலைச் சுட வைத்த பீரங்கிகளுக்குப் பக்கத்தில் அவர்கள் நின்றார்கள், வந்தவை ஜப்பானிய விமானங்கள். துறைமுகத்தில் டெனெடோஸும் ஹெக்டரும் மூழ்கின. கரைப் பீரங்கி அதில் என்ன செய்திருக்க முடியும்? அந்த ஒரு காலைக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்காக, வருடக்கணக்காக அவர் செய்ததெல்லாம் துலக்குவதும் தைப்பதும் வரிசையில் நிற்பதும் சாப்பாட்டுக்குப் பேணியை நீட்டுவதும்தான். பட்டாளத்து வாழ்க்கையின் பெரும்பங்கு அதுதான். யுத்தக் கதைகளில் அது வராது, பெட்டியில் இருக்கிற சாமான்களில் இருக்கிறது.

மற்றப் படங்களையும் நன்றாகப் பார்த்தேன். சுருட்டிக் கட்டிய துணிப் பையில் ஊசி, காக்கி நூல், இரண்டு பொத்தான், காலுறை பொத்துகிற கம்பளி நூல். தாயும் சகோதரியும் பக்கத்தில் இல்லாத இருபது வயதுப் பையனுக்குப் பட்டாளம் கொடுத்த தையல் பை. எனாமல் பேணியின் அடியில் ஆணியால் கீறிய இலக்கம். கழுத்தில் போடும் நூலில் கோர்த்த இரண்டு அடையாள வில்லைகள், ஒன்று எட்டு மூலையாகப் பச்சை, மற்றது வட்டமாகச் சிவப்பு. அவை பிளாஸ்டிக் இல்லை, நாரை அழுத்திச் செய்தவை. முதல் உலக யுத்தத்தின் நடுவில், 1916 இல், பிரித்தானியப் பட்டாளம் இந்த இரட்டை வில்லையைக் கொண்டுவந்தது. முன்பு இருந்தது ஒன்றே ஒன்று. ஆள் செத்தால் அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு உடல் யாருடையது என்று தெரியாமல் போய்விடும். இரண்டு வந்தபின் சிவப்பை அலுவலகக் கணக்குக்கு எடுத்துக்கொண்டு, பச்சையை உடலிலேயே விட்டுவிடுவார்கள். உன் அப்பாவின் நூலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

போன மாதம் பெறாமகளைக் கூட்டிக்கொண்டு தேசிய நூதனசாலைக்குப் போனேன். லெவ்கே பீரங்கியைப் பார்க்கத்தான். 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்து எடுத்துப்போய், பிறகு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்த அதே பீரங்கி. 2023 டிசம்பரில் இரண்டு கஸ்தானை வாள், ஒரு கத்தி, இரண்டு துப்பாக்கியோடு சேர்த்துத் திருப்பித் தந்தார்கள். வெண்கல உடம்பில் பொன், வெள்ளி, மாணிக்கம். சிங்கமும் சூரியனும் சந்திரனும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காத வேலைப்பாடு, அது வீட்டுக்குத் திரும்பி வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் அதைக் கொள்ளையடித்த படைக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார். கண்டியைப் பிடித்தார்களே தவிர, அங்கே இருக்க முடியவில்லை. அரிசி வரும் பாதை அறுந்துபோயிற்று, காய்ச்சல் வந்தது, சில மாதத்தில் மிஞ்சியவர்கள் மலையிறங்கினார்கள். படையை நடத்திப்போன தேசாதிபதி வான் எக் அதே வருடம் செத்துப்போனார். பீரங்கி கண்ணாடிக்குள் இருக்கிறது. பசியோடு மலையிறங்கியவர்களின் சட்டியும் கரண்டியும் எங்கே? ஒன்றுகூட இல்லை.

கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையின் தடித்த சுவர்களைப் பார்க்கும்போதும் இதே எண்ணம்தான் வரும். இப்போது அங்கே சாப்பாட்டுக்கடைகள், சனம் நிறைந்து கிடக்கும். ஒல்லாந்தக் கொம்பனிச் சிப்பாய்கள் யுத்தத்தில் செத்ததைவிடக் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்ததுதான் அதிகம். அந்த விறாந்தைகளில் கிடந்தவர்கள் அவர்கள்.

ஆயுதத்தைக்கூடப் பக்கத்தில் நின்று பார்த்தால் அது மனிதனின் வாயையும் வயிற்றையும் பற்றித்தான் சொல்லும். 1796 இல் ஆங்கிலேயன் கொழும்பைப் பிடித்த காலத்துச் சிப்பாய் வைத்திருந்த கல்துப்பாக்கியை எடுத்துக்கொள். மருந்தும் குண்டும் ஒரு கடதாசிச் சுருளுக்குள் இருக்கும். சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு, மிச்சத்தைக் குழாய்க்குள் கொட்டி, குண்டையும் கடதாசியையும் கோலால் இடித்து இறக்க வேண்டும். நல்ல பழக்கம் உள்ளவன் ஒரு நிமிடத்தில் மூன்று தரம் சுடுவான். மூன்று தரம் கடிப்பான் என்றும் சொல்லலாம். முன்பல் இல்லாதவனைப் பட்டாளத்துக்கு எடுக்க மாட்டார்கள், இதற்காகவே. மருந்தில் இருக்கிற வெடியுப்பு நாக்கில் பட்டதும் வாய் வறண்டுபோகும், உதடு கறுத்துப்போகும். அப்புறம்தான் இடுப்பில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலின் அருமை தெரியும். துப்பாக்கியை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால் பாதிக் கதைதான். பக்கத்தில் அந்தப் போத்தலும் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பட்டாளத்துச் சாமான் ஒரு சின்னப் பித்தளைப் பெட்டி. 1914 கிறிஸ்மஸுக்கு இளவரசி மேரியின் பெயரில் சிப்பாய்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. வெள்ளைக்காரர்களுக்குப் புகையிலையும் சிகரெட்டும். இந்தியச் சிப்பாய்களுக்குக் கற்கண்டும் சரக்குத்தூளும். பிரான்சின் குளிரில், சேற்றுக்குள் நின்றுகொண்டு அந்த மூடியைத் திறந்து மணந்து பார்த்தவனை நினைத்துப் பார், ஊர் அடுக்களையே முகத்துக்கு நேரே வந்து நின்றிருக்கும்.

இனி நம் காலத்துக்கு வருவோம், இதை நீயும் நானும் கதைத்துப் பல காலம். காலி வீதியில் எங்கள் ஒழுங்கை முனையில் மண்மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி இருந்தது, உனக்கு நினைவிருக்கும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, கையில் எடுத்துக்கொண்டு நிற்போம். என் கண் எப்போதும் போவது அந்த டி-56 துவக்கின் மேல்தான். ஒரு பின்னேரம் அங்கே நின்ற பொடியன் துவக்கை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு சேர்ட் பொக்கற்றைத் தைத்துக்கொண்டிருந்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, முடிச்சை விரலால் தடவிப் பார்த்தான். மூட்டைக்குப் பின்னால் கயிற்றில் ஒரு சாரம் காய்ந்தது. பாதி சாப்பிட்ட சோற்றுப் பார்சலை லஞ்ச் சீட்டோடு மடித்துச் செருகியிருந்தான். ஊசியைத் தொப்பிக்குள் குத்திவிட்டு எழும்பி ஐசியைக் கேட்டான், கொடுத்தேன். என் பயம் அதனால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்து வாழ்க்கை என்று யோசித்தால் எனக்கு முன்னால் வருவது அந்த ஊசிதான்.

இந்தப் பக்கத்தில் என் பெரியம்மாவின் பேரன். பள்ளிக்கூடத்தில் இருந்து இயக்கத்துக்குப் போனவன். ஒருமுறை வீட்டுக்கு வந்துபோனபோது கழுத்தில் சயனைட் குப்பியும் இலக்கத் தகடும் தொங்கினவாம். சாப்பிடக் குனிந்தபோது இரண்டும் கோப்பையில் முட்டிச் சத்தம் போட்டதாம். பெரியம்மா சாகும்வரை அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் திரும்பி வரவில்லை. வீட்டில் மிச்சம் அவனுடைய கணிதப் பெட்டி மட்டும். இயக்கத்துச் சாமான் எதையும் வைத்திருக்க அந்தக் காலத்தில் யாருக்குத் துணிவு இருந்தது? புதைத்தார்கள், எரித்தார்கள், கிணற்றில் போட்டார்கள். 2009 இல் யுத்தம் முடிந்து இத்தனை வருடம் போய்விட்டது. பிடிபட்ட துவக்குகளையும் பீரங்கிகளையும் காட்சிக்கு வைத்தார்கள். ஆமிப் பொடியனின் ஊசியும் எங்கள் பொடியனின் கோப்பையும் யாருடைய கணக்கிலும் இல்லை. இரண்டு பக்கத்துத் தாய்மாருக்கும் அவைதான் பிள்ளை.

அதனால்தான் உன் பெட்டியைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன். பொன் பதித்த பீரங்கியைக் கேட்டு வாங்க ஒரு அரசாங்கம் இருக்கிறது. ஆணியால் இலக்கம் கீறிய பேணிக்கு நீ மட்டும்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தகட்டையும் பேணியையும் புளி போட்டுத் துலக்கிவிடாதே. துலக்கினால் பளபளக்கும், ஆனால் கீறின இலக்கமும் தேய்ந்த அடையாளமும் மங்கிப்போகும். உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். வில்லைகளில் தண்ணீர் படவே கூடாது, நார் ஊறி உப்பிவிடும். அந்தப் பழைய நூலையும் மாற்றாதே. பொலித்தீனில் கட்டாதே, உங்கள் வாவிக் காற்றுக்கு உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவிக் காயவைத்த பருத்திச் சேலைத் துண்டுகளில் தனித்தனியாகச் சுற்றி வை. ஒவ்வொன்றோடும் ஒரு கடதாசியில் பென்சிலால் எழுது: யாருடையது, எங்கே இருந்தது, யார் சொன்னது.

எல்லாவற்றையும்விட அவசரம் கல்லடி மாமி. தொண்ணூறு தாண்டிவிட்டார், ஆனால் பழையதெல்லாம் தெளிவாகச் சொல்கிறார் என்று நீயே எழுதியிருந்தாய். தன் அண்ணன், உன் அப்பா, லீவில் வந்தபோது சீருடையை யார் தோய்த்தது, என்ன சாப்பாடு கேட்டார், இரவில் நித்திரை கொண்டாரா, இதெல்லாம் சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம். வெறுங்கையோடு போய்க் கேட்டால் “ஞாபகம் இல்லை பிள்ளை” என்பார். தையல் பையையும் பேணியையும் கையில் கொடுத்துவிட்டுக் கேள். மகனின் ஃபோனில் பதிவு செய், நடுவில் குறுக்கிடாதே, அழுதால் அழ விடு.

நான் தை பிறந்தபிறகு உதயதேவியில் வரலாம் என்று இருக்கிறேன். இவரைத் தனியே விட முடியாது, அதனால் இருவருமாக வருவோம். மலாய்ப் பெரியவரும் அந்தத் தகட்டைக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார், அவருக்காக இரண்டு பக்கமும் தெரிய இன்னொரு படம் எடுத்து அனுப்பு. உனக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று எழுது. போனமுறை கேட்ட முழங்கால் பட்டி மருந்துக்கடையில் வந்திருக்கிறது, வாங்கி வைத்துவிட்டேன்.

கல்லடிக்கு இந்த ஞாயிறே போ. மாமி என்ன சொன்னார் என்று அன்றிரவே எனக்கு எழுது.

அன்புடன்,
வசந்தி