ஜானு பக்கத்துக் கதை

அன்புள்ள தம்பிக்கு,

கூடப் படித்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டாயே, அதற்குப் பதிலைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆபீசில் வைத்துப் படிக்காதே, ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

'96' படத்தை மறுபடியும் பார்த்ததாகச் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் பார்த்த ஜானு ஒருத்தியையே இருபது வருஷத்துக்கு மேல் மனதில் வைத்திருக்கிறானே ராம், அதுதான் காதல் என்றும் சொன்னாய். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும்டா. 2018-இல் வந்தபோது அப்பாவோடு தியேட்டரில் பார்த்தேன். இடைவேளைக்கு அப்புறம் அப்பா என் காதருகே குனிந்து, "இவங்க எப்பதான் தூங்கப் போவாங்க?" என்று கேட்டார். அவர் ரசனை அவ்வளவுதான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எதற்கு அழுதேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். படத்துக்கு இசை கோவிந்த் வசந்தா. நல்ல இசை. ஆனால் ஜானு வாயைத் திறந்தால் வருவதெல்லாம் இளையராஜா பாட்டு, அதுவும் பக்கவாத்தியம் இல்லாமல். ராம் எத்தனை தடவை கேட்டும் பாடாமலே வைத்திருந்த 'யமுனை ஆற்றிலே' பாட்டை, கரண்ட் போன இருட்டில் பாடுவாள். அங்கேதான் எனக்கு அடைத்தது. அந்தப் பாட்டு இருக்கிற 'தளபதி' வந்தது 1991-இல். நீ பிறக்கவே இல்லை. அந்த இடத்தில் உனக்கும் தொண்டை அடைக்கிறதென்றால், நீ தவழ்ந்த காலத்தில் நம் வீட்டு டேப் ரெக்கார்டர் ஓயாமல் பாடிக்கொண்டிருந்ததுதான் காரணமாக இருக்கும்.

அந்தக் கேசட் எல்லாம் ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்தவை. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாள் கழித்துத் தருவார்கள். 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் பிடிக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டில் சண்டையே நடக்கும். சில பேர் அந்தப் பட்டியலைக் காதல் கடிதம் மாதிரி எழுதினார்கள். பாட்டின் வரிசையைப் பார்த்தாலே யார் யாருக்குப் பதிவு செய்தது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். வாயால் சொல்ல முடியாததை வாலியும் வைரமுத்துவும் சொல்லிக் கொடுத்தார்கள். நம் சினிமாவில் பழைய காதல் வந்தாலே கூடவே ஒரு பழைய பாட்டும் வருவது இதனால்தான். ஆளின் முகம் மறந்து போகும், அந்த வருஷம் கேட்ட பாட்டு மறக்காது.

ஏன் வாயால் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். 'ஒரு தலை ராகம்' 1980-இல் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நம்ம மாயவரம் காலேஜில் எடுத்த படம் என்று எங்கள் பக்கத்தில் பெருமை. அதில் அந்தப் பெண், தன்னை நேசிக்கிறவனிடம் பேசவே மாட்டாள். கடைசியில் சொல்லலாம் என்று வரும்போது அவன் உயிரோடு இருக்க மாட்டான். தெருவில் இருந்த அக்காமார்கள் எல்லாம் அழுதார்கள். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம்தான் வந்தது. தாவணி போட்ட பிறகுதான் அவள் வாய் ஏன் திறக்கவில்லை என்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு நின்று பேசியதாக வீட்டுக்குத் தகவல் போனால் மறுநாள் படிப்பு நின்றுவிடும். வீட்டில் போன் கிடையாது. கடிதம் வந்தால் உங்கள் தாத்தாதான் முதலில் பிரிப்பார். இதற்கெல்லாம் மேலே சாதி. இவ்வளவு பயத்தையும் எடுத்துப் பூ வைத்துப் பொட்டு வைத்து, வெட்கம் என்று திரையில் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் "அந்தக் காலத்துக் காதல் எவ்வளவு அழகு" என்று நீங்கள் பெருமூச்சு விடுகிறீர்கள்.

2004-இல் 'ஆட்டோகிராப்' வந்தது. அதே வருஷத்தில்தான் 'காதல்' படமும் வந்தது. முன்னதில் காதல் கைகூடாமல் இனிப்பான நினைவாகிறது. பின்னதில் மதுரையில் ஒரு மெக்கானிக் பையனும் வசதியான வீட்டுப் பெண்ணும் துணிந்து ஓடிப்போகிறார்கள், அப்புறம் அந்தப் பையன் புத்தி பேதலித்துத் தெருவில் அலைந்தது உனக்கே தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு நினைவோடு நிறுத்திக்கொண்டது எதனால் என்று விளங்கும்.

'ஆட்டோகிராப்' உங்கள் எல்லோருக்கும் பிடித்த படம், எனக்கும்தான். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சேரன் தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, நேசித்த பெண்கள் இருக்கும் ஊரெல்லாம் போகிறார். நாமும் அவர் பின்னாலேயே போகிறோம். ஒரு பெண் இதே மாதிரி பத்திரிகையோடு பழைய காதலர்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார். கேரளத்தில் அந்த லத்திகா விதவையாக நிற்கிறாள். அதைப் பார்த்து அவர் உடைந்து போகிறார், நாமும் அழுகிறோம். இடைப்பட்ட வருஷங்களில் அவள் எப்படி இருந்தாள், என்ன சாப்பிட்டாள், யாரோடு சிரித்தாள் என்பதெல்லாம் படத்துக்குத் தேவைப்படவில்லை. அவருக்கு அழுகை வருவதற்கு என்ன வேண்டுமோ அதுவரைக்கும் போதும்.

இந்த வகைப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'அழகி'. தங்கர் பச்சான் 2002-இல் எடுத்தது. நீ சின்னப் பையன், தூங்கிவிட்டாய். கூடப் படித்த தனலட்சுமியை, சண்முகம் வளர்ந்து நல்ல வேலைக்குப் போன பிறகு சென்னையில் பார்க்கிறான். அவள் அதே அழகோடு எதிரில் வந்து நிற்கவில்லை. வறுமையில், பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறாள். அப்புறம் அவன் வீட்டுக்கே வேலைக்கு வருகிறாள். பள்ளிக்கூடத்துக் காதலியை வீட்டில் பாத்திரம் கழுவ வைத்துப் பார்க்கும் துணிச்சல் வேறு யாருக்கு வந்தது? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேரில் ஒருவர் காரில் போவதும் இன்னொருவர் தெருவுக்கு வருவதும் விதி என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. அந்தப் படத்தைப் பார்க்கும்போது என் கண் தனலட்சுமியாக வந்த நந்திதா தாஸைவிட, சண்முகத்தின் மனைவியாக வந்த தேவயானிமேல்தான் அதிகம் இருந்தது. வீட்டுக்காரரின் மனதில் தனக்கு முன்னாலேயே ஒருத்தி குடியிருக்கிறாள் என்று தெரிந்தும் சமையலைக் கவனிக்க வேண்டிய நிலைமை அவளுக்கு. அவளை வைத்து ஒரு படம் எடுக்கலாம். எடுக்க மாட்டார்கள்.

பெண் தன் பழைய காதலைத் தானே சொல்லும் படம் என்றால் எனக்குச் சட்டென்று 'மௌன ராகம்'தான் ஞாபகம் வரும். 1986. எனக்கு மறு வருஷம் கல்யாணம். ரேவதி தன் கதையை வேறு யாரிடமும் இல்லை, கட்டிய கணவனிடமே சொல்வாள். அந்தப் பழைய காதலனாகக் கார்த்திக் வருவது கொஞ்ச நேரம்தான், இன்றைக்கும் எல்லோரும் அவரைத்தான் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் பட்டது. இறந்து போனவனை மறக்கச் சொல்லி அந்தப் படம் அவளை வற்புறுத்தவில்லை, அவன் நினைவிலேயே அவளைப் பூட்டியும் வைக்கவில்லை. டெல்லியில் ஒரு வீடு, பேச்சுக் குறைந்த ஒரு மனுஷன், மெல்ல மெல்ல அவள் வாழத் தொடங்குகிறாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், அப்பாவுக்குத் தெரியும், நீ போய்ச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். போன தை மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம் இல்லையா, அங்கே என் வயதுக்காரர் ஒருவர் வந்து என்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறு மணி பேட்சில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவராம். நான் எந்த மெஷினில் அடித்தேன், லோயர் பரீட்சை அன்றைக்கு என்ன தாவணி கட்டியிருந்தேன், எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், தப்பாக ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லைடா. அவர் சொன்ன ரோஸ் தாவணி என்னிடம் இருந்ததா என்றே சந்தேகம். உன் சித்தியைக் கேட்டேன், இல்லவே இல்லை என்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷமா, சங்கடமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில் இத்தனை வருஷமாக ஒரு பெண் மெஷின் முன்னால் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளுக்கு என் முகம். ஆனால் அவளுக்கு அக்காவைத் தெரியாது, உன்னைத் தெரியாது, பாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களைத் தெரியாது. நல்ல மனுஷர்தான், அவர் ஆசையாகப் பாதுகாத்ததை நான் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரத்தில் "நீங்க இப்ப என்ன பண்றீங்க?" என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவே இல்லை.

'96'-ஐ இப்போது பார்த்தால் நான் ஜானு பக்கத்தில்தான் உட்காருவேன். ராமிடம் பெட்டி இருக்கிறது, அதில் பள்ளிக்கூடத்துச் சட்டை இருக்கிறது, கடைசியில் அவள் போட்டிருந்த உடுப்பையும் மடித்து அதிலேயே வைத்துக்கொள்கிறான். எல்லோரும் உருகுகிறார்கள். ஜானு மறுநாள் சிங்கப்பூரில் போய் இறங்கி, பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். அவளுக்குப் பெட்டி வைக்க வீட்டில் எங்கே இடம்? ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் படம் அவளை அப்படியே விட்டுவிடவில்லை. ராமின் மாணவிகளிடம் அவள் ஒரு கதை கட்டிச் சொல்வாள் இல்லையா, நடந்ததை மாற்றி, இரண்டு பேரும் சேர்ந்த மாதிரி? அந்தச் சில நிமிஷம் மட்டும் நினைவு அவள் கைக்கு வருகிறது. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான், பாட்டைவிட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூடப் படித்த அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியிருக்கிறாள், போகலாமா வேண்டாமா என்று கேட்டாயே. நீ அவளைப் பற்றிப் பேசியதை எல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிளஸ் டூ டியூஷன், மழையில் நனைந்த சைக்கிள், அவள் கையெழுத்து. அவ்வளவும் பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றித்தான். இப்போது எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன், தெரியாது என்றாய். மாப்பிள்ளை யார், அவளே பார்த்துக்கொண்டதா, வீட்டில் பார்த்ததா என்றேன், அதுவும் தெரியவில்லை. இவ்வளவு நினைக்கிறவன் அதைக்கூடவா கேட்கவில்லை?

உனக்கு வலிக்கும் என்றால் போக வேண்டாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். போவதாக இருந்தால் பத்திரிகை வந்த நம்பருக்கு முதலில் போன் பண்ணு. எப்படி இருக்கிறாய், வேலை எப்படி, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா என்று கேள். பழைய கதையை அவள் எடுத்தால் பேசு, நீயாக எடுக்காதே. மண்டபத்தில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் பந்திக்கு உட்காராமல் திரும்பும் வேலையெல்லாம் வேண்டாம், அதெல்லாம் படத்தில் பார்க்கத்தான் நன்றாக இருக்கும். மேடைக்குப் போ, மாப்பிள்ளைக்குக் கை கொடு, உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. பரிசு என்று பழைய போட்டோ, பழைய நோட்டு எதையும் தூக்கிக்கொண்டு போகாதே.

புனேயிலிருந்து தஞ்சாவூருக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், நாளைக்கே பார். மொய் அப்பா பேரில் எழுது. அக்கா கல்யாணத்துக்கு அந்தப் பெண்ணின் அப்பா 501 ரூபாய் எழுதியிருக்கிறார், நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு இருக்கிற விலைவாசிக்கு நீ 2,001 ஆவது வை.

அன்புடன்,
அம்மா