குமுளி சமையற்கட்டில் என் கையைக் காப்பாற்றிய சேச்சிக்கு

கம்பத்திலிருந்து குமுளிக்கு வேலைக்குப் போன நாலாவது நாள். கார்த்திகை மாதம், சபரிமலை சாமிமார்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நேரம். பாத்திரம் கழுவச் சேர்ந்த என்னை, ஆள் குறைவென்று மட்டை அரிசிச் சோறு வடிக்கச் சொன்னார்கள். ஈரத்துணியால் அண்டாவைப் பிடித்தேன். சூடு ஏறி, பிடி நழுவி, கொதிக்கிற கஞ்சி இடது கையில் கொட்டியது.

யாரோ பேஸ்ட் எடுக்க ஓடினார்கள். மாவு தடவு என்றார் இன்னொருவர். காய் நறுக்கிக்கொண்டிருந்த நீங்கள்தான் "ஒந்நும் தேக்கண்டா", எதையும் தடவ வேண்டாம் என்று மலையாளத்தில் சொல்லி, என் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தீர்கள். கையில் கட்டியிருந்த கயிற்றை வீங்குமுன் வெட்டி எடுத்தீர்கள். 20 நிமிடம் கையை எடுக்கக் கூடாது என்று கடிகாரத்தைக் காட்டினீர்கள்.

அப்புறம் நீங்கள் செய்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. என் அண்டாவை நீங்களே வடித்தீர்கள். மூன்று நாள் என் பங்குப் பாத்திரங்களையும் கழுவினீர்கள், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஈரத்துணியில் சூடு சட்டென்று ஏறும், காய்ந்த துணியை நாலாக மடித்துப் பிடி என்று செய்து காட்டினீர்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது நீங்கள் அங்கே இல்லை. பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. சேச்சி, கையில் தழும்பு இல்லை. இப்போது பரோட்டா போடுகிறேன். புதுப் பையன் யார் வந்தாலும் முதலில் காய்ந்த துணியைத்தான் கொடுக்கிறேன். குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் யாருக்காவது இந்தச் சேச்சியைத் தெரிந்தால், தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள்.