கால்நடை வளர்ப்போர் சங்கப் பொதுக்குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்று ஊர்களிலிருந்து காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை, இனவிருத்திக்கு வைத்திருக்கும் பூச்சிக்காளைகளின் பராமரிப்பில் தொடங்கும். இந்த முறை நம் மாடுகளைத் தாக்கிய தோல் கழலை நோயைத் தவிர வேறு எதைப் பற்றியும் விரிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. நோய் உச்சத்தில் இருந்த இரண்டு மாதங்கள் மட்டும் கூடவில்லை. ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு ஆள் போவதே வேண்டாம் என்றிருந்தோம். கேட்டவர்களுக்குக் கொழுக்கட்டைப் புல் விதை கொடுத்தோம். கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்து வேலிக்குக் கிளுவைக் குச்சி நடும் வேலை பாதியில் நிற்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘குழி வெட்டிய செலவு’ என்று ஒரு வரி வரும். நம் சங்கக் கணக்கில் இப்படி ஒரு தலைப்பு வருவது இதுவே முதல் முறை.

ஐப்பசி மழை விட்டதும் ஈயும் கொசுவும் பெருகின. முதலில் ஒரு கலப்பினக் கறவை தீவனம் எடுக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு நாளில் கழுத்திலும் விலாவிலும் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டிகள் எழும்பின. முன்னங்கால்கள் வீங்கி, படுத்த மாடு எழவில்லை. கோமாரியும் அடைப்பானும் சப்பை நோயும் நம் பாட்டன்மார் பார்த்த நோய்கள். இது அப்படியல்ல. இந்தியாவில் இது முதன்முதலாக 2019 ஆகஸ்டில் ஒடிசாவில்தான் கண்டறியப்பட்டது. 2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்ததைச் செய்தியில் பார்த்தபோது, எங்கோ வடக்கே நடக்கிறது என்றுதான் நாம் இருந்தோம்.

அம்மை இனத்து வைரஸ் இது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை வழியாகப் பரவுகிறது. மனிதருக்குத் தொற்றாது; பாலைக் காய்ச்சிக் குடித்தால் பயமில்லை. இதை வீடு வீடாகச் சொன்னோம். ஆனாலும் சில ஊர்களில் வாடிக்கைப் பால் நின்றுபோனது. அந்த நட்டத்தை யாரும் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. கருக்கலைந்து கன்று வீசிய சினைமாட்டையும், பிழைத்தும் பால் வற்றிப்போன மாட்டையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

வெற்றிலை 10, மிளகு 10 கிராம், கல்லுப்பு 10 கிராம், தேவைக்கு வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவினோம். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு ஆகியவற்றை அரைத்து, எண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குப் பூசினோம். மாடுகள் அதனால்தான் பிழைத்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஈ அண்டாமல், புண்ணில் புழு வைக்காமல் காத்தது என்பதை என் கட்டுத்தரையிலேயே பார்த்தேன். சாம்பல் நிறக் காங்கயம் மாடுகளான மயிலைப் பசுக்கள் ஓரளவு தாங்கின. கன்றுகள் தாங்கவில்லை. பழையகோட்டைச் சந்தைக்கோ வேறு எந்தச் சந்தைக்கோ மாடு ஓட்டுவதில்லை என்று நாமாகவே முடிவு செய்தோம். வட்டி கட்ட வேண்டியவர்கள்கூட அதை மீறவில்லை. இதைப் பொதுக்குழு குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் இந்த நோய்க்கு மாட்டுக்கும் போட்டார்கள். போட்டபின் எதிர்ப்பு சக்தி பிடிக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். நம் பகுதிக்கு ஊசி வந்தபோது ஊருக்குள் கட்டி வந்துவிட்டிருந்தது. மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை ஊருக்கு ஒருவராக, ராத்திரி டார்ச் வெளிச்சத்திலும் வந்து பார்த்தார்.

இனி இழப்பீடு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே நம்மில் பலருக்கு விளங்கவில்லை.

பறவைக் காய்ச்சல் வந்து அரசு உத்தரவின்பேரில் கோழிகளை அழித்தால் பண்ணைக்காரருக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் அதைப் பாதிப்பாதியாக ஏற்கின்றன. அரசு அழித்த உயிருக்கு விலை இருக்கிறது. நோயில் தானாகச் சாகும் மாட்டுக்கு அந்த வழி திறப்பதில்லை. சரி, பேரிடர் நிவாரணத்தில் கேட்கலாம் என்றால், வெள்ளத்தில் கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய், உழவு எருதுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000 என்று 2022 முதல் 2026 வரைக்கான விதி சொல்கிறது. அந்தப் பேரிடர்ப் பட்டியலில் புயல் இருக்கிறது, வறட்சி இருக்கிறது, பூச்சித் தாக்குதலும் இருக்கிறது. கால்நடைக் கொள்ளைநோய் இல்லை. பயிரைப் பூச்சி தின்றால் பேரிடர், பட்டியையே நோய் தின்றால் பேரிடர் இல்லை என்பதை எந்த விவசாயியாலும் ஏற்க முடியாது.

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை, மாநிலம் தானே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். மனமிருந்த மாநிலங்கள் கொடுத்தும் இருக்கின்றன. இதே நோய்க்குக் கர்நாடகம் 2022இல் பசுவுக்கு 20,000, எருதுக்கு 30,000, கன்றுக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. ராஜஸ்தான் 2023 ஜூனில் ஒரு கறவைப் பசுவுக்கு 40,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கிலேயே போட்டது. நிவாரணம் கேட்ட நம் மனுவில் இந்த இரண்டையும் எழுதினோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நான்கு முறை கொடுத்தோம். நான்கு ரசீதும் என்னிடம் இருக்கின்றன. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்தான் வந்திருக்கிறது.

மூன்றாம் முறை மனு கொடுத்துவிட்டு வேறோர் அலுவலகத்துக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் தாயார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எங்களோடு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிரேதப் பரிசோதனைச் சான்று கேட்டார். மாடு செத்தது சனிக்கிழமை இரவு. திங்கட்கிழமைதான் மருத்துவரால் வர முடிந்தது. அதுவரை வைத்திருந்தால் அடுத்த கட்டுத்தரைக்கும் பரவும் என்று ஞாயிறு காலையே குழி தோண்டி, சுண்ணாம்பும் உப்பும் போட்டுப் புதைத்துவிட்டார்கள். நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா மடியிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக் காம்பு, இரண்டு பாக்கு, அவற்றினடியில் ஒரு மஞ்சள் வில்லை. செத்த மாட்டின் காதிலிருந்து அறுத்தெடுத்து, கழுவி வைத்திருந்தார். மாட்டின் அடையாள எண்ணின் பன்னிரண்டு இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. “இதுதான் சாமி என் மாடு” என்று மேசைமேல் வைத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. புதைக்காமல் வைத்திருந்தால் ஊருக்கு நோய். புதைத்தால் சான்று இல்லை. இந்த இடுக்கில்தான் நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் மாட்டியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். விலங்குகளில் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம், நோய் கண்டால் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தகவல் பெற்றவர் அதை எழுத்து மூலம் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்கலாம். நாம் அனைவரும் தெரிவித்தோம், வாயால். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கியவர் ஒருவருமில்லை. என் வீட்டில் விழுந்த கிடேரிக்கும் நான் வாங்கவில்லை. செயலாளராக இருந்துகொண்டு இதை முன்பே சொல்லாதது என் பிழை. கால்நடைக் காப்பீட்டிலும் அப்படித்தான். 2024 முதல் பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும் என்று வந்தும், கறவைக்குக் கட்டியவர்கள் சிலரே. காதில் வில்லை இல்லாத மாட்டுக்கு அந்தக் காப்பீடும் கிடைக்காது.

எனவே செயற்குழு இரண்டு தீர்மானங்களை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. கால்நடைக் கொள்ளைநோயை மாநிலப் பேரிடராக அறிவிக்கவும், இந்த ஆண்டு இறந்த மாடுகளுக்கு முன்தேதியிட்டு நிவாரணம் வழங்கவும், பிரேதப் பரிசோதனை நடக்காத இடங்களில் காது வில்லையையும் கிராம அலுவலர் முன்னிலையில் எழுதிய பஞ்சநாமா என்னும் சாட்சிப் பத்திரத்தையும் சான்றாக ஏற்கவும் அரசைக் கோருவது முதல் தீர்மானம். ஊருக்கு ஒரு பதிவேடு வைத்து, காய்ச்சல் கண்ட அன்றே எழுதி, நகலில் ஒப்புகை வாங்குவது இரண்டாவது. பதிவேடுகள் அச்சாகி வந்துவிட்டன. ஊர்ப் பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் மனுவை வரும் திங்கட்கிழமை கொடுக்கிறோம். காலை ஏழரைக்குக் காங்கயம் பஸ் நிலையத்தில் கூடுவோம். இறந்த மாட்டின் வில்லையை வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டு வாருங்கள். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வில்லை போடாத மாடு, கன்றுகளின் எண்ணிக்கையை வாசலில் உள்ள மேசையில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்