செயலாளர் ஆண்டறிக்கை: கழுத்து வந்த கதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, பெற்றோருடன் வந்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பில் பேசிக் கலைவதை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் ஒரே பொருளைப் படிக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். முதுகெலும்புள்ள விலங்குகள் எப்படித் தோன்றின, எப்படி மாறின என்பதே அந்தப் பொருள். அதை முன்மொழிந்தவர் நம் மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர். கார்த்திகை மாதம் அவர் காலமானார். இந்த அறிக்கையில் உள்ள பெரும்பகுதி அவர் நமக்குக் கற்றுக்கொடுத்தது. முதலில் அவருக்கு இச்சங்கத்தின் அஞ்சலியைப் பதிவு செய்கிறேன்.

ஜூன் மாதக் கூட்டம் மீன் கடையில் நடந்தது. அறைக்குள் உட்கார்ந்து மீனைப் பற்றிப் பேச மாட்டேன் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்கு மாணவர்கள் பன்னிரண்டு பேரும் பெரியவர்கள் ஐந்து பேரும் போனோம். கடைக்கார அம்மாள் ஒரு கெண்டையின் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சிவந்த சீப்புகளைப் போலச் செவுள்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு வளைவு தாங்கியிருந்தது. தாடையே இல்லாத பழைய மீன்களிலும் இப்படிப்பட்ட வளைவுகள் இருந்தன. அவற்றில் முன்னால் இருந்தவைதான் பின்னாளில் தாடையாக மாறின என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து என்றார் ஆசிரியர். அத்துடன் நிறுத்தவில்லை. ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருந்த இரண்டு எலும்புகள், பாலூட்டிகளில் சுருங்கி நடுக்காதுக்குள் போய்விட்டன. சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு என்று பாடத்தில் படிப்பவை அவைதான் என்றார். மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கேதான் ஒரு மாணவி, "மீனுக்குக் கழுத்து எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். கடைக்கார அம்மாள் கத்தியை நிறுத்தாமலே, "மீனுக்கு ஏதம்மா கழுத்து? தலை முடிந்தால் உடம்புதான்" என்றார். ஆசிரியர் அந்த அம்மாளை வணங்கினார். நம் ஆண்டு முழுவதற்குமான கேள்வி அந்தக் கடையில்தான் கிடைத்தது. மீனின் மண்டை ஓடு தோள் எலும்போடு பூட்டிக் கிடக்கிறது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். அந்தப் பூட்டு எப்போது விட்டது?

இதற்கு விடை 2004ஆம் ஆண்டு வட கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது. நீல் ஷூபின், எட்வர்ட் டெஷ்லர், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் ஆகியோரின் குழு அங்கே கண்டெடுத்த டிக்டாலிக் என்ற புதைபடிவத்துக்குச் செதில் உண்டு, துடுப்பும் உண்டு. ஆனால் அதன் தலை தோளிலிருந்து விடுபட்டிருந்தது. துடுப்புக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு எலும்புகளின் சாயல் இருந்தது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. ஆழமில்லாத நீரில் தரையை ஊன்றி நிற்கும் உயிருக்கு, உடம்பை அசைக்காமல் தலையைத் திருப்ப முடிவது பெரிய வசதி. நிலத்துக்கு வந்த பிறகு கழுத்து முளைக்கவில்லை. தண்ணீரில் இருக்கும்போதே வந்துவிட்டது. இந்த ஆண்டு நான் கற்றவற்றில் என்னை மிகவும் அசைத்தது இதுதான்.

அதே கடையில் விரால் மீனைப் பற்றி ஒரு வாதமும் நடந்தது. தண்ணீர் குறைந்தாலும் விரால் சாகாது, மேலே வந்து காற்றைக் குடிக்கும் என்று அந்த அம்மாள் சொன்னதும், அப்படியானால் விரால்தான் நம் மூதாதை என்று பையன்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆசிரியர் மறுத்தார். விராலின் காற்றறை செவுளுக்கு மேலே இருப்பது. அது அந்தக் குலம் தனியாகத் தேடிக்கொண்ட ஏற்பாடு. நம் நுரையீரல் உணவுக்குழாய்ப் பக்கமிருந்து கிளைத்தது. நாம் வந்தது சதைப்பற்றுள்ள துடுப்பு கொண்ட மீன்களின் வழியில். விரால் நமக்குப் பாட்டன் அல்ல, தூரத்துப் பங்காளி என்று அவர் சொன்னது எல்லோருக்கும் பிடித்துப்போனது. "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இப்போதுள்ள குரங்கு ஏன் மாறவில்லை?" என்று அக்டோபர் கூட்டத்தில் ஒரு விருந்தினர் கேட்டபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து இதே பங்காளிக் கணக்கில் பதில் சொல்லி உட்கார்ந்தான்.

ஜூலைக் கூட்டத்துக்கு ஆசிரியர் ஒரு சணல் கயிற்றோடு வந்தார். கறிக்கடையில் ஆட்டுக் கழுத்தைத் துண்டு போடாமல் முழுசாக வாங்கி, வேகவைத்து, சதையை நீக்கி, மாடியில் காயவைத்து, எலும்புகளை வரிசை மாறாமல் கோத்திருந்தார். மேலே இருந்தது வளையம் போன்ற எலும்பு. அடுத்ததில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தது. வளையத்தை அந்த முளையில் செருகி இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்டி, "இல்லை என்று நாம் தலையாட்டுவது இங்கேதான்" என்றார். எண்ணச் சொன்னார். ஏழு. ஓர் உறுப்பினர் கொண்டுவந்திருந்த கழுத்து எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினோம். அதிலும் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், எலிக்கும் ஏழுதான். அசமந்தம் என்று பெயரெடுத்த, மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத்தும் நீரில் வாழும் மானடீயும் மட்டுமே பாலூட்டிகளில் இந்தக் கணக்குக்கு விலக்கு.

முதுகெலும்புக்கும் முந்திய கதையை ஆகஸ்டில் படித்தோம். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் செங்ஜியாங் பாறைகளில் கிடைத்த ஹைகூயிக்திஸ் என்ற மீன் போன்ற உயிர், ஏறக்குறைய 52 கோடி ஆண்டுப் பழையது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதற்கு எலும்பு கிடையாது; முதுகு நெடுக ஓடும் வளையக்கூடிய தண்டான முதுகுநாண் இருந்தது. கருவில் நமக்கும் அது உண்டு. டிஸ்க் விலகிவிட்டது என்று அவதிப்படும் உறுப்பினர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள்; அந்த வட்டின் நடுவிலுள்ள கூழ், முதுகுநாண் விட்டுச்சென்ற மிச்சம்.

நம் வேலூர் மலைகளில் டைனோசர் எலும்பு கிடைக்குமா என்று மாணவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார்கள். கிடைக்காது. நம்மைச் சுற்றி நிற்கும் பாறைகள் 250 கோடி ஆண்டு அளவில் பழையவை, பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. முதல் முதுகெலும்பு தோன்றும்போதே அவை கிழப் பாறைகள். புதைபடிவம் வேண்டுமென்றால் கடல் படிந்த அரியலூருக்குத்தான் போக வேண்டும். டிசம்பரில் அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தோம். முதல் நாள் இரவு வேன்காரர் வர இயலாது என்று சொல்லிவிட்டார். முன்பணம் இன்னும் திரும்பவில்லை. பொருளாளர் தன் அறிக்கையில் அதைச் சொல்வார். இருபது பிள்ளைகள் பையோடு வந்து நின்றதைப் பார்த்தவன் என்பதால் என் வருத்தத்தை இங்கே எழுதாமல் விட முடியவில்லை.

ஜனவரியில் காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய், எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்தோம். ஆசிரியர் வகுத்துவைத்த திட்டம் அது. மீன் கடையில் கேள்வி கேட்ட அதே மாணவி கழுத்தெலும்புகளை எண்ண முயன்றாள். கீழிருந்து பார்த்து முழுதாக எண்ண முடியவில்லை. திமிங்கலத்துக்கும் கழுத்தெலும்பு ஏழுதான், ஆனால் தட்டுகளைப் போல மெலிந்து நெருங்கிவிட்டவை. மீனிடமிருந்து பிரிந்து வந்து கழுத்து பெற்ற குலம், மறுபடி கடலுக்குப் போய் அதைக் குறுக்கிக்கொண்டது. எண்ணிக்கையை மட்டும் விடவில்லை.

திமிங்கலத்தின் நிலத்து உறவைக் காட்டியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் இந்தியப் புவியியலாளர் ரங்க ராவ் சேகரித்த பாறைகளை, அவர் மறைவுக்குப் பின் அவர் மனைவி ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். அவற்றைச் சுத்தம் செய்கையில் ஒரு மண்டை ஓட்டின் காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உள்ளே ஒரு பக்கச் சுவர் திமிங்கலக் காதில் இருப்பதைப் போலத் தடித்திருந்தது. இண்டோஹயஸ் என்ற அந்த விலங்கு சுமார் 4.8 கோடி ஆண்டுக்கு முந்தியது, சருகுமானைப் போன்ற சிறிய உருவம். திமிங்கலத்தோடு அதற்குள்ள உறவு 2007இல் உலகத்துக்குத் தெரிய வந்தது.

ஆசிரியரின் குடும்பத்தார் அவருடைய குறிப்பேடுகள் நிறைந்த இரண்டு பெட்டிகளையும் அந்தச் சணல் கயிற்றையும் சங்கத்துக்கு அளித்துள்ளனர். அவர்களுக்கு நன்றி. இப்போது அவை என் வீட்டில் இருக்கின்றன. கயிற்றில் கடைசி எலும்பு சற்று விரிசல் கண்டிருக்கிறது. பூட்டும் கண்ணாடி அலமாரி ஒன்று வாங்கவும், குறிப்பேடுகளைப் பட்டியலிட மூவர் குழு அமைக்கவும், அரியலூர் பயணத்தை வரும் தை மாதம் நடத்தவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், மீன் கடை அம்மாளுக்கும் நன்றி தெரிவித்து, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்